விடைத்த காதுகளைச் சீரமைத்தல்: பெற்றோரும் பெரியவர்களும் அறிய வேண்டியவை

காது மடல் தலையை விட்டு விலகி நிற்பது நோயன்று. கேட்கும் திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனவே இதற்கான அறுவை சிகிச்சையை யாரும் கட்டாயமாகச் செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் முறக்காது என்ற கேலிக்கு அஞ்சி, முடியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொள்ளும் பிள்ளையை அருகிலிருந்து பார்த்தவர்கள் இதை வெறும் அழகு விஷயம் என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். செய்வதா வேண்டாமா என்பதையும், செய்தால் எப்போது, எந்த முறையில் என்பதையும் பெரும்பாலும் தீர்மானிப்பது காதின் குருத்தெலும்புதான். அது வயதுக்கு வயது மாறுகிறது.

முதலில் காது எவ்வளவு விலகியிருக்கிறது, எதனால் விலகியிருக்கிறது என்று பாருங்கள். மடலின் வெளி விளிம்பிலிருந்து காதுக்குப் பின்னுள்ள எலும்பு வரை நடுப்பகுதியில் ஏறத்தாழ 2 செ.மீ. வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால்தான் காது விடைத்ததாகத் தோன்றும். பிறகு கண்ணாடி முன் நின்று, மடலின் மேல் விளிம்பை ஒரு விரலால் மெதுவாகத் தலையை நோக்கித் தள்ளுங்கள். விளிம்புக்கு உட்புறமாக ஒரு மடிப்பு எழும்பி, காது சரியாக அமர்ந்துவிட்டால், பிறவியிலேயே அந்த மடிப்பு போதுமான அளவு உருவாகவில்லை என்று கொள்ளலாம். தள்ளிய பின்னும் நடுப்பகுதி துருத்திக்கொண்டே இருந்தால், காதுத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற பகுதி ஆழம் மிகுந்திருக்கிறது. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிலருக்குக் காதுச் சோணையும் வெளியே தள்ளியிருக்கும். இது நோயறியும் சோதனையன்று என்றாலும், மருத்துவர் பேசுவதைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவும்.

பச்சிளங்குழந்தைக்குக் கத்தியே தேவைப்படாமல் போகலாம். தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குழந்தையின் உடலில் எஞ்சியிருக்கும் முதல் சில வாரங்களில் காதின் குருத்தெலும்பு மிகவும் மென்மையாக இருக்கும். பிறந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் மருத்துவர் ஓர் அச்சைப் பொருத்திச் சில வாரங்கள் வைத்திருந்தால், மடல் அந்த வடிவத்திலேயே நிலைத்துவிட வாய்ப்பு அதிகம். அந்தக் காலம் விரைவில் கடந்துவிடும் என்பதால், ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் உடனே குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. வளர்ந்த பிள்ளையின் காதைத் துணியால் கட்டி வைப்பதாலோ ஒட்டுப்பட்டை ஒட்டுவதாலோ நிலையான மாற்றம் எதுவும் வராது, தோல்தான் புண்ணாகும்.

அறுவை சிகிச்சைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தொடக்க வயது ஐந்து அல்லது ஆறு. அதற்குள் காது தன் முழு வளர்ச்சியைப் பெரும்பாலும் எட்டிவிடுகிறது. குருத்தெலும்பும் தையலைத் தாங்கும் அளவுக்கு உறுதி பெற்றுவிடுகிறது. ஆனால் வயது வந்துவிட்டது என்பது மட்டும் போதாது. பிள்ளைக்கே விருப்பம் இருக்க வேண்டும். தன் காதைப் பற்றிக் கவலையே இல்லாத பிள்ளையைப் பெற்றோரின் மனக்குறைக்காக அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வது முறையன்று என்பதே என் உறுதியான எண்ணம். தானாக விரும்பிக் கேட்கும் பிள்ளைதான் கட்டைப் பிய்க்காமல் ஒத்துழைக்கும். பெரியவர்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. குருத்தெலும்பு இறுகியிருப்பதால், தையலோடு அதைச் சற்றுக் கீறியோ மெலிதாக்கியோ வளைக்க நேரலாம்.

இத்தகைய காதுகளை அடிக்கடி சீரமைத்துப் பழகிய பிளாஸ்டிக் சர்ஜனையோ காது மூக்கு தொண்டை நிபுணரையோ அணுகுங்கள். காது குத்திய இடத்தில் எப்போதாவது தடித்த தழும்பு வளர்ந்திருந்தால் அதை மறவாமல் சொல்லுங்கள்; கீலாய்டு எனப்படும் அத்தகைய தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர்களுக்குக் காதின் பின்புறம் ஆபத்தான இடம். ஆஸ்பிரின், ரத்தத்தை மெலிதாக்கும் மருந்துகள், மூலிகை மாத்திரைகள் எவற்றை உட்கொண்டாலும் கூறிவிட வேண்டும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். யாருக்கும் இரண்டு காதுகளும் அச்சில் வார்த்தவை போல ஒன்றாக இருப்பதில்லை. அறுவைக்குப் பிறகும் இரண்டுக்கும் இடையே 3 மி.மீ. வரை வேறுபாடு இருப்பதை நல்ல விளைவாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

சிறுவர்களுக்கு முழு மயக்கமும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியும் தரப்படும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பலர் அன்றே வீடு திரும்பலாம். காதின் பின்புறத்தில் வெட்டு போடப்படுவதால் தழும்பு மடலுக்குப் பின்னே மறைந்துவிடும். தோலை மட்டும் வெட்டி எடுத்து இழுத்துத் தைத்தால் தோல் நீண்டு காது மீண்டும் விலகிவிடும் என்பதால், குருத்தெலும்பைத்தான் மாற்றியமைக்க வேண்டும். மடிப்பை உருவாக்க அறுவை மருத்துவர் முஸ்டார்டே 1963ஆம் ஆண்டில் விவரித்த தையலும், ஆழ்ந்த கிண்ணத்தைப் பின்னெலும்போடு இழுத்துக் கட்ட அறுவை மருத்துவர் ஃபர்னாஸ் 1968ஆம் ஆண்டில் விவரித்த தையலும் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. உங்கள் காதுக்கு எது பொருந்தும், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

முதல் இரண்டு நாட்களில்தான் மிகுந்த விழிப்பு வேண்டும். ஓரளவு வலியும் வீக்கமும் இயல்பே; சிறுவர்களுக்கு மயக்கம் தெளிந்தபின் வாந்தி வரலாம். ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் வலி ஏறிக்கொண்டே போய், மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால், கட்டுக்குள் ரத்தம் தேங்கியிருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவரை அழைக்க வேண்டும். தேங்கிய ரத்தமும் கிருமித்தொற்றும் குருத்தெலும்பையே அழித்து மடலைச் சுருக்கிவிட வல்லவை. காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு ஆகியவற்றுக்கும் இதே அவசரம் பொருந்தும்.

தலைக்கட்டு சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை இருக்கும். அதுவரை தலைக்குக் குளிக்கக் கூடாது. தலை வழியாக இழுத்துப் போடும் பனியனுக்குப் பதிலாக முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப் பிரித்த பிறகு, தூக்கத்தில் தலையணையில் உரசி மடல் முன்னோக்கி மடங்கிவிடாதபடி நான்கு முதல் ஆறு வாரங்கள் இரவில் மென்மையான தலைப்பட்டை அணிய வேண்டும். அது இறுக்கிப் பிடிக்கக் கூடாது. உள்ளே ஒரு விரல் நுழையுமளவு தளர்வு இருக்கட்டும். பந்து விளையாட்டு, மல்யுத்தம் போன்றவை ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு வேண்டாம்.

மரத்த உணர்வு சில மாதங்கள் நீடித்து மெல்லக் குறையும். மாதங்கள் கழித்துக் காதின் பின்னால் நூல் முனை தோலைத் துளைத்து எட்டிப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள். மருத்துவர் அதை எளிதில் நீக்கிவிடுவார். சிலருக்கு ஒரு காது சற்று மீண்டும் விலகலாம். திருத்தம் தேவையா என்பதை வீக்கம் முழுவதும் வடிந்து, ஆறு மாதமாவது கடந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.