ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்றால்: பணம் கட்டும் முன் சரிபார்க்க வேண்டியவை

வீட்டில் ஒருவருக்குத் தசைச் சிதைவு நோயோ, தண்டுவடக் காயமோ, மோட்டார் நியூரான் நோயோ, குழந்தைக்கு ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ இருந்தால், 'ஸ்டெம் செல் போட்டுப் பார்த்தீர்களா?' என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும். உடலில் வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூல செல்லைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். சொந்தக்காரர் ஒரு காணொளியை அனுப்புவார். கிளினிக்கிலிருந்து அழைத்துப் பேசுவார்கள். நிலத்தை விற்றாவது பார்த்துவிடலாம் என்று மனம் ஓடும். அந்த ஓட்டத்தைத் தப்பு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லியிருப்பவற்றைச் சரிபார்க்க அது போதும்.

முதலில் நோயைப் பிரித்துப் பாருங்கள்

ஸ்டெம் செல் சிகிச்சை முழுக்கப் பொய் என்பதும் தவறு, எல்லாவற்றையும் தீர்க்கும் என்பதும் தவறு. எந்த நோய்க்கு என்பதுதான் கேள்வி.

ரத்த நோய்களில் இது பல பத்தாண்டுகளாக நிலைபெற்ற வைத்தியம். லுகேமியா, தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா, அரிவாள் செல் நோய், பிறவியிலேயே வரும் சில எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகள் ஆகியவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று (அதில் ஏற்றுவது ரத்த ஸ்டெம் செல்களைத்தான்) செய்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் 1986 முதல் நடக்கிறது. கண்ணில் ரசாயனம் பட்டுக் கருவிழி ஓரத்து ஸ்டெம் செல்கள் அழிந்துபோனவர்களுக்கு, நல்ல கண்ணிலிருந்து எடுத்து வளர்த்து வைக்கும் சிகிச்சைக்கு 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது.

இரண்டாவது வகை, முறையான ஆய்வில் இருப்பவை. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் செல்களை முதல் வகை நீரிழிவு உள்ள 12 பேருக்குக் கொடுத்ததில், ஓராண்டு முடிவில் 10 பேர் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள் என்று 2025இல் வெளியானது. உண்மையிலேயே பெரிய செய்தி. கூடவே இன்னொன்றையும் படிக்க வேண்டும்: அவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், ஆய்வில் சேர்ந்த மொத்தம் 14 பேரில் இருவர் இறந்தும் போனார்கள், அதில் ஒருவர் மூளைக்காய்ச்சல் தொற்றால். பார்க்கின்சன் நோய்க்கும் அதே ஆண்டு முதற்கட்ட முடிவுகள் வந்தன. அவை முதன்மையாகப் பாதுகாப்பைப் பார்த்த சிறு ஆய்வுகள்.

மூன்றாவது வகை, மேலே சொன்ன இரண்டிலும் சேராதவை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, பழைய தண்டுவடக் காயம் ஆகியவற்றுக்குக் காசு வாங்கிப் போடும் ஊசிகள் பெரும்பாலும் இதில்தான் வரும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைப் பிரிவு 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

ஒரு நோய்க்கு அனுமதி கிடைத்த செல், வேறு நோய்க்கு அனுமதி ஆகாது. காலில் ரத்த ஓட்டம் அடைபடும் நோய்க்கு இந்தியாவில் அனுமதி பெற்ற செல் தயாரிப்பு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி 'இந்தியாவில் அனுமதி உண்டு' என்று சொல்லி மூளை நோய்க்கு ஊசி போடுவது ஏமாற்று.

யார் யாருக்குப் பணம் தருகிறார்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, ஏற்கப்பட்ட ரத்த நோய்கள் போன்றவை தவிர மற்ற எதற்கு ஸ்டெம் செல் கொடுத்தாலும் அது ஆய்வு. அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே நடத்தலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அந்தச் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்கின்றன.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது நிரூபணமான சிகிச்சையா, ஆய்வா?" நிரூபணமானது என்றால் எந்த அனுமதி, எந்த நோய்க்கு என்ற கடிதத்தைக் காட்டட்டும். ஆய்வு என்றால் பில் ஏன்? இந்த இரண்டுக்கும் நடுவே நின்று 'பேக்கேஜ்' விலை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

'உங்கள் சொந்த செல்தானே, மருந்தே இல்லையே' என்பார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, சுழற்றிப் பிரித்து, அன்றைக்கே தண்டுவட நீரில் ஏற்றுவதற்குச் சொல்லும் சமாதானம் இது. சொந்த செல் என்பதால் உடல் அதை நிராகரிக்காது, அவ்வளவுதான். மஜ்ஜையின் வேலை ரத்தம் உண்டாக்குவது. அதைத் தண்டுவடத்தில் விட்டால் நரம்பாக மாறிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பதிவேட்டைப் படிக்கும் விதம்

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் அது கட்டாயம். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண்ணில் சிடிஆர்ஐ என்ற எழுத்துகளுக்குப் பின் ஆண்டு, மாதம், ஆறு இலக்கம் வரும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "தேடிப் பாருங்கள், இருக்கும்" என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் திறந்ததும் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியலில் உங்களை அழைத்த கிளினிக் இருக்கிறதா? மருத்துவர் பெயர் ஒத்துப்போகிறதா?
2. மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி நிலை என்ன? 'பொருந்தாது' என்று போட்டிருந்தால் ஏன் பொருந்தாது என்று எழுத்தில் கேளுங்கள்.
3. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? ஸ்டெம் செல் ஆய்வுக்கு வழக்கமான குழு மட்டும் போதாது. அதற்கெனத் தனி நிறுவனக் குழு ஒன்றும் இருந்து, அது தேசிய உச்சக் குழுவில் பதிவாகியிருக்க வேண்டும்.
4. எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு உண்டா, எதை அளக்கிறார்கள்? 'பொதுவான முன்னேற்றம்' என்பது அளவுகோல் அல்ல.
5. சேர்க்கை திறந்திருக்கிறதா? எப்போதோ முடிந்துபோன ஆய்வின் எண்ணை இன்றும் காட்டுவோர் உண்டு.

பதிவேட்டில் பெயர் இருப்பதே அனுமதி ஆகிவிடாது. விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோய் இருந்த மூன்று பெண்கள் 2015இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அமெரிக்கப் பதிவேட்டில் ஆய்வு என்ற பெயரில் அது பதிவாகியும் இருந்தது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஏற்றினார்கள். மூவரும் பார்வையைப் பறிகொடுத்தார்கள். ஒழுங்கான ஆய்வு எதிலும் முதலில் ஒரு கண்ணுக்குத்தான், அதுவும் பார்வை மோசமாக உள்ள கண்ணுக்குத்தான் ஊசி போடுவார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே போடலாம் என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு வாக்கியமே போதும், வேறு விசாரணை வேண்டாம்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

முறையாகத் தயாரான செல்லுக்கு ஒவ்வொரு பேட்சுக்கும் பரிசோதனைச் சான்று இருக்கும். ஊசிக்கு முந்தைய நாளே நகல் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: யாருடைய உடலிலிருந்து, எந்தத் திசுவிலிருந்து எடுத்தது; எத்தனை செல்கள்; அதில் உயிரோடு இருப்பவை எத்தனை சதவீதம் (70க்குக் கீழே என்றால் பொதுவாக ஏற்பதில்லை); பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு ஆகியவற்றின் சோதனை முடிவு; வேறொருவர் தந்தது என்றால் அவருக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் சோதனை.

மீசென்கைமல் செல் (மஜ்ஜை, கொழுப்பு போன்ற திசுக்களிலிருந்து எடுக்கும் ஒரு வகைச் செல்) என்று சொன்னால் அதற்குச் சர்வதேச அளவுகோல் 2006 முதலே உண்டு. செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி73, சிடி90, சிடி105 ஆகிய மூன்று புரத அடையாளங்களும் 95 சதவீதத்துக்குக் குறையாத செல்களில் இருக்க வேண்டும். சிடி45, சிடி34 போன்ற ரத்த செல் அடையாளங்கள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சான்றில் இந்த எண்களே இல்லையென்றால் குப்பியில் இருப்பது என்னவென்று போடுகிறவருக்கே தெரியாது.

நிரூபணமான சிகிச்சையில் கணக்கு எப்படி இருக்கும் என்பதோடு ஒப்பிடுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்றில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள் (ரத்த ஸ்டெம் செல்கள்) என்று எண்ணித்தான் ஏற்றுவார்கள். பிறகு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால்தான் 'பிடித்துவிட்டது' என்பார்கள். வெற்றியா தோல்வியா என்பது ரத்தப் பரிசோதனைத் தாளில் தெரியும். உங்களை அழைத்தவரிடமும் இதையே கேளுங்கள்: எந்த அளவு, எத்தனை மாதத்தில், எவ்வளவு மாறினால் வெற்றி? மாறாவிட்டால்? 'இன்னும் இரண்டு டோஸ் போட வேண்டும்' என்பது பதில் அல்ல.

கையில் டிரிப்ஸாக ஏற்றினால் செல்கள் மூளைக்குப் போய்ச் சேரும் என்பதையும் நம்ப வேண்டாம். மீசென்கைமல் செல்கள் ரத்த நுண்குழாய்களைவிடப் பெரியவை. ரத்தக் குழாயில் ஏற்றியதில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது.

காணொளியில் நடக்கும் பையன்

சாட்சிக் காணொளிகள்தான் மிகப் பெரிய கண்ணி, ஏனென்றால் அவை பெரும்பாலும் பொய் அல்ல. குழந்தை உண்மையிலேயே முன்னேறியிருக்கும். ஊசியாலா என்பதுதான் தெரியாது. டுஷேன் தசைச் சிதைவு உள்ள சிறுவர்கள் ஏறக்குறைய ஏழு வயது வரை, எந்தச் சிகிச்சையும் இல்லாமலே, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். வளர்ச்சி நோயை முந்தும் காலம் அது. ஐந்து வயதில் ஊசி போட்டு ஆறு வயதில் படம் எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். தண்டுவடக் காயத்தில் முதல் ஆண்டில் தானாக ஓரளவு திரும்பும். மோட்டார் நியூரான் நோய் சிலருக்கு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆட்டிசக் குழந்தைகள் வளர வளரப் பேச்சு கூடும். போதாததற்கு, பேக்கேஜில் தினமும் பல மணி நேரம் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அதன் பலன் ஊசியின் கணக்கில் எழுதப்படுகிறது. அதே பயிற்சியை ஊசி இல்லாமல் உள்ளூரிலேயே கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எதில் தவறும்

உடனே வருபவை: காய்ச்சல், தொற்று, நுரையீரலில் ரத்தக் கட்டி, முதுகில் ஊசி போட்டபின் கடும் தலைவலி, குழந்தைகளுக்கு வலிப்பு.

தாமதமாக வருபவைதான் கொடுமை. இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்குப் பரம்பரை நரம்பு நோய்க்காக மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த மூளை செல்களை 2001 முதல் மூன்று முறை ஏற்றினார்கள். நான்கு ஆண்டுகளில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். சோதித்ததில் அவை அவனுடைய செல்களே அல்ல, தானம் செய்தவர்களுடையவை. இன்னொரு பெண்ணுக்கு, முடங்கிய தண்டுவடத்தில் ஸ்டெம் செல் உள்ள மூக்கின் உட்சவ்வை வைத்த இடத்தில் எட்டு ஆண்டுகள் கழித்துச் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது.

பலர் யோசிக்காத இழப்பு ஒன்றும் இருக்கிறது. முன்பே செல் சிகிச்சை எடுத்தவர்களைப் பல உண்மையான ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. இன்று போடும் ஊசி, மூன்று ஆண்டு கழித்து வரக்கூடிய மரபணு சிகிச்சை ஆய்வின் கதவை அடைத்துவிடலாம். வேறொருவரின் செல் என்றால், அதற்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருட்கள் பின்னாளில் உறுப்பு மாற்றுக்கும் தடையாகலாம்.

'சாகப்போகிறவனுக்கு எதற்கு விதி?'

இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் பற்றிய பழைய சண்டை, ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006இல் சாதாரண செல்லையே ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டியபின் பெரிதும் தணிந்தது. இன்றைய சண்டை, ஆதாரம் வருமுன் விற்கலாமா என்பது. ஜப்பான் 2014இல் விற்கலாம் என்று நிபந்தனையோடு வழி திறந்தது: முதலில் விற்பனை, பிறகு நிரூபணம். இதயத்தில் ஒட்டும் செல் தகடு ஒன்றுக்கு 2015இல் அப்படி அனுமதி கொடுத்தார்கள். 2024இல், பலன் நிரூபணமாகவில்லை என்று நிபுணர் குழு முழு அனுமதியை மறுத்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் அது விற்பனையில் இருந்தது. துணிந்து பார்க்க விரும்பும் நோயாளிக்கு அந்த உரிமை வேண்டும் என்பதே எங்கள் கருத்தும். அதற்குரிய இடம் ஆய்வு. அங்கே துணிச்சல் அவருடையது, செலவு ஆய்வு நடத்துபவருடையது, கிடைக்கும் பதில் அடுத்த நோயாளிக்கும் உதவும். பில் போடும் கிளினிக்கில் துணிச்சலும் செலவும் நோயாளியுடையவை. பதிலை யாரும் குறித்து வைப்பதுகூட இல்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா?

குற்ற உணர்ச்சி வேண்டாம். காகிதங்களைச் சேருங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஒப்புதல் படிவத்தின் நகல், பேட்ச் எண், செல் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் எத்தனை முறை ஏற்றினார்கள், ரசீது. மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், கழுத்து இறுக்கம், வலிப்பு எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய், ஊசி போட்ட விஷயத்தை முதலில் சொல்லுங்கள். பல ஆண்டுகள் கழித்துப் புதிதாக முதுகுவலியோ பலவீனமோ வந்தாலும் அந்தப் பழைய ஊசியை மருத்துவரிடம் சொல்லி எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். பாதிப்பு ஏற்பட்டிருந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகப் புகார் பதியலாம். மருத்துவர் கையெழுத்து தேவையில்லை.