இயற்பியல் கணக்கில் மாட்டிக்கொண்ட மாணவருக்கு எப்படி உதவுவது, எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது

"ஃபார்முலா எல்லாம் தெரியும், கணக்குதான் வரமாட்டேங்குது" என்று ஒரு மாணவர் வந்து நின்றால், உடனே பேனாவை வாங்கி நீங்களே போட்டுக் காட்டிவிடாதீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் திரும்ப அதே இடத்தில் நிற்பார். பெரும்பாலும் சிக்கல் கணிதத்தில் இல்லை, அங்கே என்ன நடக்கிறது என்று படமாகப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அதனால் முதலில் கேள்வியைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் வரையச் சொல்லுங்கள், அதுவரை நீங்கள் பேசாமல் இருங்கள்.

உதாரணமாக, 60 கிலோ நிறையுள்ள ஒருவர் லிஃப்டுக்குள் எடைக் கருவி மேல் நிற்கிறார், லிஃப்ட் 2 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்புகிறது. கருவி அவரை எவ்வளவு விசையோடு மேலே தள்ளுகிறது? நிறைய பேர் 60-ஐ 9.8 ஆல் பெருக்கி 588 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். சிலர் கீழ்நோக்கிப் புவியீர்ப்பு, மேல்நோக்கிக் கருவியின் விசை, கூடவே 'நிறை × முடுக்கம்' என்று மூன்றாவதாக ஒரு அம்புக்குறி போடுவார்கள். அதை அடித்துவிடாமல், ஒவ்வொரு அம்புக்குறியாகத் தொட்டு "இந்த விசையைக் கொடுப்பது எது?" என்று கேளுங்கள். பூமி, கருவி என்று இரண்டுக்குப் பதில் வரும், மூன்றாவதுக்கு வராது. அது தனி விசையே இல்லை, மற்ற இரண்டையும் திசையோடு கூட்டினால் கிடைக்கும் நிகர விசைக்குச் சமமானது, அவ்வளவுதான். இந்த ஒரு கேள்வி பல ஃபார்முலாக்களைவிட அதிகம் உதவும். இது பிடிபட்டால் 60 × (9.8 + 2) = 708 நியூட்டன் என்று அவரே வந்து சேருவார்.

விடை வந்ததோடு விடக்கூடாது. லிஃப்ட் மாறாத வேகத்தில் மேலே போனால்? அதே 588தான், இதில் பலரும் தடுமாறுவார்கள், அங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். தடையின்றிக் கீழே விழுந்தால்? கருவி 0 காட்டும். நிறை, முடுக்கம் எல்லாவற்றையும் கடைசி வரை m, a என்று எழுத்துகளாகவே வைத்துக்கொண்டு அப்புறம் எண்களைப் போட்டால்தான் இப்படிச் சோதித்துப் பார்க்க முடியும். அலகுகளையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு வருவோம். நுண்கணிதம் தெரியுமா என்பதுதான் முதல் கேள்வி. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற பாடநூல் திட்டம் இரண்டு வகையையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது: 'காலேஜ் ஃபிசிக்ஸ்' நுண்கணிதம் இல்லாமல், 'யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்' நுண்கணிதத்தோடு. விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால் நியூட்டன் விதிகள் பாடத்தைத் திறந்து, தீர்த்துக் காட்டிய கணக்குகளில் படம் இருக்கிறதா, ஏன் இந்த விதி என்று காரணம் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சமன்பாடுகளாக இறங்கினால் மூடிவிடலாம். 1960-இல் வந்த ஹாலிடே-ரெஸ்னிக் பாடப்புத்தகம் இன்றும் புதுப் பதிப்புகளாக வருகிறது, பழைய பதிப்பு கிடைத்தாலும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், இயக்கவியல் மாறிவிடவில்லை, பயிற்சிக் கணக்குகளின் எண்கள்தான் மாறியிருக்கும். இயற்பியலாளர் ஃபெய்ன்மனின் விரிவுரைகள் புத்தகமாகவே கிடைக்கின்றன, அருமையானவை, ஆனால் அதையே முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள், பாட முடிவில் பயிற்சிக் கணக்குகள் கிடையாது. ஒரே ஒரு புத்தகத்தைப் பிடித்து அதன் கணக்குகளைப் போடட்டும். கடைசிப் பக்கத்தில் விடை மட்டும் இருந்தால் போதும், முழுத் தீர்வு நூலை இப்போதைக்குக் கையில் கொடுக்க வேண்டாம்.