பட்டியலில் இல்லாதவர்களை எண்ணுவது எப்படி?

ஆள்கடத்தலில் சிக்கியவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க முடியாது. பூட்டிய அறையில் இருப்பவர் கதவைத் திறக்கப்போவதில்லை. பிரிட்டனில் 2013-ல் பல பட்டியல்களிலுமாகத் தெரியவந்தவர்கள் 2,744 பேர். அதை வைத்து, உள்துறையின் தலைமை அறிவியல் ஆலோசகர் பெர்னார்ட் சில்வர்மேன் 2014-ல் சொன்ன மதிப்பீடோ 10,000 முதல் 13,000 வரை. அதன் அடிப்படைக் கணக்குக்குப் பெருக்கல், வகுத்தல் போதும்.

1. யாரை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்பாடான பலெர்மோ நெறிமுறையின் (2000) வரையறை பொதுவாகப் பயன்படும். 18 வயதுக்குக் கீழே என்றால் மிரட்டலோ ஏமாற்றோ நடந்ததா என்று பார்க்கத் தேவையில்லை. ஊர், ஆண்டு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. தனித்தனியாகத் தயாரான இரண்டு பட்டியல்களை எடுங்கள். போலீஸிடம் 100 பேர், தொண்டு நிறுவனத்திடம் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

3. இரண்டிலும் இருப்பவர்களைத் தேடுங்கள். முதுகு ஒடியும் வேலை இதுதான். வியட்நாம்காரருக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். ஒரு பட்டியலில் அப்படியே இருக்கும், இன்னொன்றில் கடைசிக்குப் போயிருக்கும். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த தேதி, நாடு, பாலினம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். நமக்கு 12 பேர் கிடைத்தார்கள் என்போம்.

4. குளத்து மீன் கணக்குதான் இது: பிடித்து அடையாளமிட்டு விட்ட மீன்களில் எத்தனை மறுபடி வலையில் விழுகின்றன என்று பார்ப்பது. தொண்டு நிறுவனத்தின் 60 பேரில் 12 பேர், அதாவது ஐந்தில் ஒருவர், போலீஸ் பட்டியலில் இருக்கிறார்; அப்படியானால் போலீஸின் 100 பேரும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 100 × 60 ÷ 12 = 500. இரண்டு பட்டியலிலும் சேர்த்து நாம் பார்த்தது 148 பேர். மீதி 352 பேர் யார் கண்ணிலும் படாதவர்கள்.

சரி, மூன்றாம் படியில் மூன்று பேரைத் தவறவிட்டால்? 12 என்பது 9 ஆகும். 500 என்பது 667 ஆகிவிடும். எனக்கு இந்தப் படிதான் பயம்.

5. பட்டியல்கள் ஒன்றை ஒன்று இழுக்கின்றனவா என்று விசாரியுங்கள். தொண்டு நிறுவனமே ஆட்களைப் போலீஸுக்கு அனுப்பினால் பொது ஆட்கள் கூடுவார்கள், மதிப்பீடு குறைந்துவிடும். நாடு கடத்திவிடுவார்கள் என்று பயந்து போலீஸ் பக்கமே போகாதவர்கள் தொண்டு நிறுவனத்துக்கு மட்டும் வந்தால், அப்படியே தலைகீழ். சில்வர்மேன் இரண்டு பட்டியலோடு நிற்காததற்குக் காரணம் இதுதான். உள்ளாட்சி, அரசுத் துறைகள், பொதுமக்கள் தந்த தகவல் எல்லாவற்றையும் சேர்த்து, எந்த இரண்டுக்கு நடுவில் தொடர்பு உண்டு என்பதையும் தன் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

6. அப்புறம், விடையை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். அவரைப் போலவே, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று எழுதுங்கள்.