தசையும் ஏறணும், கொழுப்பும் இறங்கணும்: எடை தூக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

ஜிம்மில் சேர்ந்ததும் எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது. முதலில் கொழுப்பைக் குறைப்பதா, இல்லை உடம்பை ஏற்றுவதா? ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்பார்கள் அனுபவசாலிகள். பல வருடம் எடை தூக்கியவர்களுக்கு அது சரியான பதில்தான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு, அதுவும் வயிற்றைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு இருந்தால், இரண்டும் ஒரே காலத்தில் நடக்கும். எடைக்குப் பழகாத தசை சின்னத் தூண்டுதலுக்கே வளரும். வளர வேண்டிய பொருளைச் சாப்பாட்டில் இருக்கும் புரதம் கொடுக்கும். சக்தியில் குறைகிற பங்கை உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஈடுகட்டும்.

ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது) எப்படிச் செய்வது என்று இங்கே எழுதவில்லை. அதை நேரில் பார்த்துத் திருத்தக்கூடிய ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 1: நீங்கள் எந்த ரகம்?

இடுப்பும் வயிறும் நன்றாகப் பெருத்திருந்தால், சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எடை தூக்குங்கள். ஒல்லியாக, கொழுப்பே இல்லாமல் இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டுத் தூக்குங்கள், அவ்வளவுதான். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்றால் பெரிய குறைப்பு எதுவும் வேண்டாம். எடை மாறாமல் இருக்கும் அளவுக்கோ அதற்கு ஒரு பிடி குறைவாகவோ சாப்பிட்டால் போதும். இந்த ரகத்தில் இருப்பவர்கள்தான் அவசரப்பட்டுப் பட்டினி கிடந்து, இன்னும் ஒல்லியாகி, வயிறு மட்டும் அப்படியே இருக்கிறதே என்று நொந்துபோகிறார்கள்.

படி 2: சாப்பாட்டுக் கணக்கு

இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் சாப்பிடுங்கள். சாப்பிடுவதையெல்லாம் எழுதுங்கள், தினமும் எடை பாருங்கள். எடை பெரிதாக நகரவில்லை என்றால் அந்தக் கலோரிதான் உங்கள் சமநிலை அளவு. இணையத்தில் கிடைக்கும் கலோரி கணிப்பான்கள் தொடக்கத்துக்கு உதவும், ஆனால் உங்கள் இரண்டு வாரக் குறிப்பு அவற்றைவிட நம்பகமானது.

படி 1-ல் முதல் ரகம் என்றால் அந்த அளவிலிருந்து 300 கலோரி குறைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் 500 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். தூக்குகிற எடை ஏறாமல் நின்றுவிடும்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கண்ணளவு நம்மை ஏமாற்றும், குறிப்பாக எண்ணெயில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. நாளுக்கு இரண்டு கரண்டி கணக்கில் வராமல் போனால் நீங்கள் குறைத்த 300-ல் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

படி 3: புரதம்

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம். 80 கிலோ உள்ளவருக்கு நாளுக்குக் கிட்டத்தட்ட 130 கிராம். மிகவும் பருமனாக இருப்பவர்கள் இப்போதைய எடைக்குப் பதிலாக, அடைய நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடலாம். இதை மூன்று அல்லது நான்கு வேளைகளாகப் பிரித்துச் சாப்பிடுவது எளிது.

புரதத்துக்கு ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் 40 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. நான்கு வாரம், தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரி, கூடவே கடுமையான பயிற்சி. கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பில்லாத எடையைக் கூட்டியிருந்தார்கள். 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ இறங்கியது, தசைப் பக்கம் ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை. அந்த அளவுக் கலோரிக் குறைப்பை நீங்கள் செய்ய வேண்டாம். புரதம் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதத் தூள்) வசதிக்காக மட்டும். சாப்பாட்டிலேயே கணக்கு நிறைந்தால் அது தேவையில்லை. காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (தசைக்குச் சக்தி கிடைக்க உதவும் தூள்) வாங்குங்கள், நாளுக்கு 3 முதல் 5 கிராம். ‘ஃபேட் பர்னர்’ என்று விற்கும் மாத்திரைகளைத் தொடவே தொடாதீர்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கும் கிரியேட்டின் எடுப்பதற்கும் முன்னால் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

படி 4: பயிற்சி

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும். ஒரு ஸ்குவாட் வகை, ஒரு டெட்லிஃப்ட் வகை, ஒரு தள்ளுகிற பயிற்சி, ஒரு இழுக்கிற பயிற்சி. ஒவ்வொன்றும் மூன்று செட், 8 முதல் 12 ரெப். ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் ஒரு செட். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை சிறிதளவு எடை கூட்டி 8-லிருந்து தொடங்குங்கள். ஜிம்மில் 1.25 கிலோ தட்டுகள் இருக்கிறதா என்று பாருங்கள். கைப் பயிற்சிகளில் ஒரேயடியாக 5 கிலோ கூட்டுவது கடினம்.

செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் முடியும் என்ற நிலை வர வேண்டும். கொழுப்பு குறைக்கும் காலத்தில் எடையைக் குறைத்து ரெப்பைக் கூட்டச் சொல்லும் பழைய அறிவுரையை விட்டுவிடுங்கள். இந்தத் தசை இன்னும் தேவை என்று உடம்புக்குச் சொல்வது கனமான எடைதான்.

எழுதிவைக்க எனக்குப் பிடித்தது சாதாரண நோட்டுப்புத்தகம். செயலியைத் திறந்தால் கை வேறெங்கோ போய்விடும்.

படி 5: அளவெடுப்பது

என்னை நீண்ட நாள் தடுமாற வைத்த படி இது. பலர் கைவிடுவதும் இங்கேதான். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்த பிறகு தராசில் ஏறினால் எடை அப்படியே இருக்கும். சில சமயம் கூடியும் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினம் 300 குறைத்தால் மாதத்துக்கு 9,000, அதாவது 1.2 கிலோ கொழுப்பு. அதே மாதத்தில் அரைக் கிலோ தசை கூடியது என்று வைத்துக்கொள்வோம். கிரியேட்டினால் தசைக்குள் ஒரு கிலோ தண்ணீர் சேர்கிறது. கூட்டிக் கழித்தால் தராசு 300 கிராம் அதிகமாகக் காட்டும். எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது, தராசு மட்டும் எதையும் சொல்லாது. இந்த இடத்தில் பயந்துபோய்ச் சாப்பாட்டை இன்னும் வெட்டினால் தசை வளர்ச்சி நின்றுவிடும்.

அதனால் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ஒன்று, தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு எடை. ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் வாரச் சராசரியை எழுதுங்கள். உப்பு கூடினாலே மறுநாள் எடை ஏறும். இரண்டு, தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு, வாரம் ஒருமுறை. வயிற்றை உள்ளிழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். மூன்று, நோட்டில் இருக்கும் தூக்கிய எடைகள்.

இடுப்பு குறைகிறது, தூக்குகிற எடை ஏறுகிறது என்றால் தராசு என்ன சொன்னாலும் எதையும் மாற்றாதீர்கள். இடுப்பு மூன்று நான்கு வாரமாக அசையவில்லை என்றால் 100 அல்லது 150 கலோரி குறையுங்கள். இடுப்பு வேகமாகக் குறைந்து, தூக்குகிற எடையும் இறங்கினால் அதே அளவு கூட்டுங்கள். என் தேர்வு நாடாதான். கொழுப்புச் சதவீதம் காட்டும் தராசுகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். குடித்த தண்ணீரைப் பொறுத்தே அந்த எண் மாறும்.

படி 6: தூக்கம்

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. பத்துப் பேர்தான், இரண்டு வாரம்தான். ஒரே மாதிரி குறைந்த கலோரிச் சாப்பாடு. படுக்கையில் 8.5 மணி நேரம் இருந்தபோதும் 5.5 மணி நேரம் இருந்தபோதும் இழந்த எடை ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது அந்த எடையில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போனது, மீதி தசைப் பக்கத்திலிருந்து போனது. ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

மாதவிடாய் வருவதற்கு முந்தைய நாட்களில் எடையும் இடுப்பும் திடீரென ஏறுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது பெரும்பாலும் தண்ணீர். போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். படி 5-ல் இதை முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும், சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி.

கார்டியோ வேண்டுமா? நடை நல்லது, இதயத்துக்கும் வேண்டும். நீண்ட ஓட்டத்தை மட்டும் கால் பயிற்சிக்கு முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு காலம் இப்படிப் போகும்? ஆளுக்கு ஆள் மாறும். தூக்கம், புரதம் எல்லாம் சரியாக இருந்தும் சில மாதங்களுக்குப் பிறகு தூக்குகிற எடை ஏறுவது நின்றுவிட்டால், அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வயிறு இன்னும் இருந்தால் அது குறையும்வரை 300 குறைப்பைத் தொடருங்கள், தூக்கும் எடையை மட்டும் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வயிறு குறைந்திருந்தால் சமநிலை அளவுக்கு மேல் 200 கலோரி கூட்டுங்கள்.