வேதாளத்தை முதுகில் ஏற்றிக்கொள்வது எப்படி

பேரனுக்கு 7 வயது, எடை 21 கிலோ. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஹாலிலிருந்து அவன் படுக்கைக்கு 14 எட்டு. விக்கிரமாதித்தன் கதை சொல்ல இந்தக் கணக்கு போதும், புத்தகம் வேண்டாம்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கதையைச் சொல்லி முடித்து, "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்டேன். பயல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம்தான் அப்பாயி நினைவுக்கு வந்தாள். எழுத்து தெரியாதவள், விடிவதற்குள் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டியவள். ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத்து மின்சார இன்ஜின் நின்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே இருண்டதும், என்னை முதுகில் போட்டுக்கொண்டு வீட்டு முன்வராந்தாவான அஞ்சடியில் நடந்தபடி கதை சொல்வாள். நான் வேதாளம், அவள் ராஜா.

நானும் அப்படியே செய்தேன். குளிர்சாதனப் பெட்டிதான் முருங்கை மரம். பேரன் அதன் பக்கத்தில் நிற்பான். அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், மெதுவாக. நடக்கும்போதே கதையைச் சொல்லிவிட வேண்டும். கதை முடிந்ததும் அவன் என் காதருகில் கேட்பான்: "யார் செஞ்சது சரி? தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை சுக்குநூறா வெடிச்சிடும்!" நான் வாயைத் திறந்து பதில் சொன்ன அடுத்த நொடி, குதித்து ஓடி மறுபடியும் மரத்தடிக்குப் போய்விடுவான். ராஜாவிடம் வாள் இருக்கிறது, பலம் இருக்கிறது. பதில் தெரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் வழியில்லை. பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். சம்சு சாராயத்தை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த என் சித்தப்பா ஒவ்வொரு சம்பள நாளிலும் முருங்கை மரம் ஏறினார் என்று லயமே சொல்லும். இந்தக் கதைகள் வந்த சிறுவர் பத்திரிகையான அம்புலிமாமாவை வாங்காத வீடுகளும் அப்படித்தான் பேசின.

இடுப்பு வலி உள்ளவர்கள் பிள்ளையை ராஜாவாக்கி, அவன் தோளில் ஒரு நீளத் தலையணையைப் போட்டுவிடுங்கள். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த படத்தில் உள்ளதுபோல் கையில் வாளும் வேண்டும். எங்கள் வீட்டில் தோசைத் திருப்பிதான் வாள்.

கேள்விதான் கஷ்டமான வேலை. பெரியவர் ஒரே மூச்சில் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பழைய கதையில் செத்துப்போன பெண்ணுக்காக ஒருவன் சாம்பலோடு கிடக்கிறான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு போகிறான், ஒருவன் மந்திரம் கற்றுவந்து எழுப்புகிறான். அவள் யாருக்கு? ஏழு வயதுக்கு இது தூரம். அதனால் நான் டுரியானுக்கு மாற்றினேன். இருட்டில் பழம் விழுந்த சத்தத்தைக் கேட்டவன் ஒருவன், அட்டைக்கடியோடு புதருக்குள் போய்த் தேடி எடுத்தவன் ஒருவன், பிளக்கும்போது விரலை வெட்டிக்கொண்டவன் ஒருவன். பெரிய சுளை யாருக்கு? கேட்டவனுக்கு என்றேன், அவன் சொல்லாவிட்டால் பழம் அங்கேயே அழுகியிருக்கும். பேரன் மரத்தடிக்கு ஓடாமல் நின்று, "ரத்தம் வந்தவனுக்குத்தான் தாத்தா" என்று சண்டைக்கு வந்தான்.

கதையில் ராஜா தூக்கி வருவது வேதாளம் புகுந்த பிணம். அந்தப் பிணம் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேதாளத்தை விளையாட்டுப் பொம்மை ஆக்கிவிடாதீர்கள். பயம் கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் பக்கத்து வீட்டில் சாவு விழுந்த வாரத்தில் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். மூன்று நாள் அவனோடு குளியலறை வாசலில் காவல் நின்றேன், மருமகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரும்புக்கை மாயாவியையும் இப்படி வீட்டுக்குள் கொண்டுவரலாம். 1972இல் முத்து காமிக்ஸில் வந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். போர்வைக்குள்ளிருந்து கையுறை போட்ட கையை மட்டும் நீட்டச் சொன்னால் போதும். பிளக் பாயின்ட் பக்கம் மட்டும் விடாதீர்கள்.

சரி, தூங்க வைப்பது எப்படி? மூலக்கதையில் மொத்தம் 25. கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கே பதில் தெரியாது. அதனால் பேசாமல் நடப்பான், வேதாளமும் தோளிலேயே இருக்கும். இரண்டு முறை மரத்தடிக்குப் போய்வந்த பிறகு, மூன்றாவது கதைக்கு எனக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை வைத்துக்கொள்வேன். அவன் கேட்பான். நான் வாயைத் திறக்க மாட்டேன். "தாத்தா, தலை வெடிக்கும்" என்பான். நடப்பேன். பத்தாவது எட்டில் அவன் கன்னம் என் தோளில் கனக்கும். மீதி நான்கு எட்டு, அப்புறம் கொசுவலை.