பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் அடிக்கிறதா? டிஸ்க்கை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் அடிக்குது" என்று சொல்லிக் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், களியக்காவிளை ஆனாலும் ஆரல்வாய்மொழி ஆனாலும் அடிக்கடி வரும் பதில் ஒன்றுதான்: "டிஸ்க் வளஞ்சிட்டு அண்ணே, மாத்தணும்." மாற்றியதும் உதறல் நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் போனதும் திரும்ப வரும். அப்போது பழி டிஸ்க் செய்த கம்பெனி மேல் விழும்.

சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்பு பிரேக் டிஸ்க் அவ்வளவு லேசில் வளைவதில்லை. பல கார்களில் டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினாலே அதிகம். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அந்த ஆட்டம் அன்றைக்கே கைக்குத் தெரியாது. ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் டிஸ்க்கின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் (டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் கட்டை) உரசிக்கொண்டே இருக்கும். நாளடைவில் அந்த இடம் மெலியும். பிறகு பிரேக் மிதித்தால் தடித்த இடத்தில் பிடி இறுகும், மெலிந்த இடத்தில் தளரும். கைக்கு வரும் அடி அதுதான். புது டிஸ்க்கும் ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) நேராக உட்காராவிட்டால் இதே கதை முதலிலிருந்து தொடங்கும்.

நேராக உட்காராததற்கு நம் குமரி மாவட்டத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது துருவை. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரை; தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. டிஸ்க்கைக் கழற்றினால் ஹப் முகத்தில் செதில் செதிலாகத் துரு நிற்கும். அதை அப்படியே விட்டுப் புது டிஸ்க்கை மாட்டுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஹப்பில் ஒட்டியிருக்கும் சின்னத் துகள், டிஸ்க்கின் வெளிவிளிம்புக்குப் போகும்போது இன்னும் பெரிய ஆட்டமாகிவிடும். கம்பி பிரஷ், எமரி பேப்பர் கொண்டு உலோகம் தெரியும்வரை தேய்த்து, நட்டுகளை இறுக்கி, டயல் கேஜ் (இந்த நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். டயல் கேஜ் இல்லை என்று சொல்லும் இடத்தில் டிஸ்க் மாற்றும் வேலையைக் கொடுக்க நான் யோசிப்பேன்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர் லீவு முடிந்து, கவர் போட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போகும் காருக்கு இன்னொரு தொல்லை. மாதக்கணக்கில் நின்றால் பேடு தொட்டிருந்த இடமும் மற்ற இடமும் வேறுவேறாகத் துரு பிடிக்கும். ஊருக்கு வந்ததும் முதல் பிரேக்கிலேயே கரகரவென்று உதறும். உடனே டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். மேலோட்டமான துரு என்றால் சில நாள் நிதானமாக ஓட்டினாலே தேய்ந்து போகும். ஆழமாக அரித்திருந்தால்தான் போகாது. வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை "ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோம்" என்பார்கள். அது பேட்டரிக்கே போதாது, பிரேக்குக்கு எந்தப் பயனும் இல்லை. சக்கரம் உருண்டு, பிரேக் பிடிக்க வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவிய கையோடு கவர் போடுவதும் கூடாது. ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் பின் சக்கரத்தில் ட்ரம் பிரேக் உள்ள வண்டியில் லைனிங் (ட்ரம்மை உள்ளிருந்து பிடிக்கும் உராய்வுப் பட்டை) ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

எந்தச் சக்கரம் என்று பார்க்காமலே முன் டிஸ்க்கில் கைவைப்பது அடுத்த தவறு. பிரேக் தொடாமலே 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங், டயர், வளைந்த ரிம் பக்கம் தேடுங்கள். பிரேக்கில் மட்டும் ஸ்டீயரிங் அடித்தால் பெரும்பாலும் முன்பக்கம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் துடித்தால் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பின்னால் ட்ரம் உள்ள, கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் வண்டி என்றால் ஒரு சோதனை உண்டு: ஆளில்லாத நேர் ரோட்டில் 40 வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லிவரை மெல்ல இழுங்கள். அப்போதும் உதறினால் பின் ட்ரம். சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்ம் புஷ்ஷோ, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டோ தேய்ந்திருந்தால் சின்ன உதறலும் பெரிதாகத் தெரியும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதுக் கார்களில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். மழையில் சட்டென்று அழுத்தி மிதிக்கும்போது பெடல் டகடகவென்று காலில் திருப்பி அடித்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, காலை எடுக்காதீர்கள்.

பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து நட்டுகளைத் தாறுமாறாக முடுக்குவதும் டிஸ்க்கைக் கோணலாக உட்கார வைக்கும். குறுக்கு மறுக்காக, மேனுவலில் சொன்ன அளவுக்கு, டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். கேலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின்னுக்குக் கண்ட கிரீஸையும் தடவ விடாதீர்கள். ரப்பர் உறை ஊதி, அந்தப் பின் இறுகி, பேடு விடாமல் உரசும். சிலிக்கோன் பிரேக் கிரீஸ்தான் அதற்கு. லேத்தில் கடைவது மலிவான வழிதான், ஆனால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போனால் அது குப்பை.

திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடி மலைக்குப் போய் 22 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிஸ்க் கொதிக்கும். அந்தச் சூட்டில் வண்டியை நிறுத்தி, பெடலை அமுக்கிப் பிடித்தபடி நின்றால் பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்ததும் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

புது பேடு, டிஸ்க் மாட்டிய அன்றைக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று பழகும்வரை, இதே கவனம் வேண்டும். காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில் அதிகாலையில் போய், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில் 60-லிருந்து 20-க்கு மிதமாக இறக்குங்கள், முழுக்க நிறுத்தாமல். இடையில் கொஞ்சம் ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை. வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.