மாமா கடைக் கணினிக்கு அப்டேட் போடுவது எப்படி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் மாமா அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். அங்குள்ள இரண்டு கணினிகளிலும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அதனால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில். மாதம் இரண்டு முறை, காலையில், கடை திறக்கும் முன் போய்விடுவேன். ஏன் காலையில் என்று பிறகு சொல்கிறேன்.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, நிர்வாகி அனுமதி தரும் ‘சூடோ’வோடு, மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ கருவியை அழைக்கவேண்டும். முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இது எதையும் புதுப்பிக்காது. எந்தெந்த பேக்கேஜுக்கு (மென்பொருள் தொகுப்புக்கு) புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கி வைக்கும். மாமா மகன் பல மாதம் இதை மட்டும் அடித்துவிட்டு, “எல்லாம் அப்டேட் பண்ணிட்டேன் அக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். நல்லவேளை, பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டு தானாகவே போட்டுக்கொள்ளும்.

உண்மையில் நிறுவுவது ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’. அது பட்டியலைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். உடனே ‘ஒய்’ தட்டாமல் ஒரு நிமிடம் படியுங்கள். ‘லினக்ஸ்-இமேஜ்’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறுகிறது, கடைசியில் ரீபூட் செய்யவேண்டும். அச்சு வேலையைக் கவனிக்கும் ‘கப்ஸ்’ இருந்தால் பிரிண்டர் பக்கம் ஒரு கண் வையுங்கள். சில பேக்கேஜ்களை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னால் பதற வேண்டாம். உபுண்டு சிலவற்றை எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் படிப்படியாகத்தான் விடும். ‘அப்கிரேட்’ இருப்பதை நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேட்’ என்ற கட்டளை அப்படியல்ல, தேவைப்பட்டால் இருக்கும் பேக்கேஜையே நீக்கிவிடும். நீக்கப்போகும் பெயர்களைப் பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

நடுவில், நீங்கள் கைவைத்த அமைப்புக் கோப்பு ஒன்றுக்குப் புதியது வந்திருக்கிறது, எது வேண்டும் என்று கேட்கக்கூடும். ‘டி’ அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். வெறும் என்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பே நிற்கும். பிரிண்டருக்காக இரண்டு நாள் மல்லுக்கட்டி எழுதிய கோப்பு என்றால் என்டர்தான்.

இப்போது காலைக் கதை. ஒருநாள் மாலை நான்கு மணிக்கு அப்கிரேடைத் தொடங்கினேன். கோலாலம்பூர் மழையைப் பற்றித் தெரியாதவள் போல! இடி இடித்தது, பாதியில் மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது ஆப்ட் எதற்கும் மசியவில்லை. “என்னம்மா, நாளைக்குக் கல்யாண ஆர்டர் இருக்கே” என்று மாமா வாசலிலேயே நின்றார். இப்படி நடந்தால் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ அடியுங்கள், விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும். அதன் பிறகும் முறைத்தால் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. எனக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

ஃபயர்பாக்ஸ் ஆப்ட் வழியாக வராது. உபுண்டுவில் அது ஸ்னாப் என்ற வேறு வகைத் தொகுப்பு, தானே புதுப்பித்துக்கொள்ளும். அவசரம் என்றால் ‘சூடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ்’. அப்புறம் ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’, தேவையற்ற பழைய கெர்னல்கள் போய் இடம் கிடைக்கும்.

அடுத்த பெரிய பதிப்புக்கு நான் அவசரப்படுவதில்லை. 24.04-க்கு ஐந்து வருட ஆதரவு, 2029 வரை. புது எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வந்தாலும் அதன் முதல் திருத்தப் பதிப்புக்குப் பிறகுதான் உபுண்டுவே பழைய எல்டிஎஸ்காரர்களை அழைக்கும். அப்போதும் தீபாவளி நெரிசல் முடியட்டும் என்றுதான் இருப்பேன்.

கடைசியாக ரீபூட். ‘/வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்ட்’ என்ற கோப்பு இருந்தால் அது கட்டாயம். கணினி எழுந்ததும் பழைய அழைப்பிதழ் ஒன்றைச் சாதாரணத் தாளில் அடித்துப் பார்ப்பேன். ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் உடையாமல் வந்தால், சரி, மாமா ஷட்டரைத் தூக்கலாம்.